நான்கு வருடம் கழித்து வந்த அப்பா

1945-ம் ஆண்டு, அக்டோபர் மாதம். உலக யுத்தம் ஓய்ந்து சில வாரங்களே ஆகியிருந்தன.

திருவண்ணாமலைக்கு ஒரு வெள்ளைக்காரர் வந்து சேர்ந்தார். வயது 39. ஊருக்கு அவர் புதியவர்.

ஆனால் ரமணாசிரமத்துக்குப் பக்கத்தில் அவருக்காக ஒரு வீடு காத்திருந்தது. அந்த வீட்டில் மனைவி இருந்தார். மூன்று குழந்தைகள் இருந்தார்கள். குழந்தைகளுக்கு மலை தெரியும். தெரு தெரியும். தமிழும் தெரியும்.

அப்பாவைத்தான் சரியாகத் தெரியாது!

அவர் பெயர் ஆர்தர் ஆஸ்பர்ன். லண்டனில் பிறந்தவர். ஆங்கிலம் கற்றுக் கொடுத்துப் பிழைப்பதற்காக நாடு விட்டு நாடு போனவர். போன இடத்தில் எல்லாம் வேலை கிடைத்தது, சம்பளம் கிடைத்தது. ஆனால் எங்கும் அவர் வேர் ஊன்றவில்லை. கடைசியில் அவர் நிலைத்த ஊர், அவர் தேடிப்போன ஊர் அல்ல. அவருடைய மனைவியும் குழந்தைகளும் அவருக்கு முன்பே வந்து, இருந்து, பழகி வைத்திருந்த ஊர்.

இந்தக் கதை நமக்குப் புதிது அல்ல. நம் வீட்டுப் பிள்ளைகளும் வாத்தியார் வேலைக்காக எத்தியோப்பியா போனார்கள், நைஜீரியா போனார்கள், மாலத்தீவு போனார்கள். வளைகுடா நாடுகளுக்குப் போனவர்களுக்குக் கணக்கே இல்லை. லீவில் வந்த தகப்பனைப் பார்த்து, "அம்மா, இந்த மாமா யாரு?" என்று குழந்தை கேட்ட கதை எத்தனையோ குடும்பங்களில் உண்டு. கேட்கிறவர்கள் சிரிப்பார்கள். தகப்பனுக்குச் சிரிப்பு வராது.

கப்பல்காரர்களுக்கு இங்கிலீஷ்

ஆஸ்பர்ன் பிறந்தது 1906-ம் ஆண்டு. ஆக்ஸ்போர்டு பல்கலைக்கழகத்தில் சரித்திரம் படித்தார். ஆக்ஸ்போர்டில் படித்தவருக்கு அந்தக் காலத்தில் உத்தியோகத்துக்குப் பஞ்சமா? இங்கிலாந்திலேயே இருந்து கல்லூரி ஆசிரியர் ஆகியிருக்கலாம். அவருக்கு அதில் மனம் ஒட்டவில்லை. வாலிப வயதில் புறப்பட்டுப் போலந்து நாட்டுக்குப் போய்விட்டார்.

போலந்து அப்போது புதிதாக எழுந்து நின்ற நாடு. நூறு வருடங்களுக்கு மேல் அந்நியர் கையில் சிக்கிக் கிடந்து, 1918-ல்தான் மறுபடி சுதந்திரம் பெற்றது. கடல் ஓரத்தில் அதற்குச் சொந்தத் துறைமுகம் ஒன்று வேண்டியிருந்தது. கிடினியா என்று ஒரு மீனவர் கிராமம். அதைப் பிடித்துப் பத்துப் பன்னிரண்டு வருடங்களுக்குள் பெரிய துறைமுகம் ஆக்கிவிட்டார்கள்.

துறைமுகம் வந்தால் கப்பல் வேண்டும். கப்பல் வந்தால் மாலுமிகள் வேண்டும். மாலுமிகளுக்கு ஆங்கிலம் வேண்டும். கிடினியாவில் இருந்த கப்பல் பயிற்சிக் கல்லூரியில் ஆஸ்பர்ன் ஆசிரியர் ஆனார்.

அந்த நாட்டுப் பெண்ணையே மணந்துகொண்டார். அவர் பெயர் லூசியா. மணவாழ்க்கைக்கு ஒரு குறையும் இல்லை. ஆனாலும் ஆஸ்பர்னுக்கு உள்ளுக்குள் ஏதோ ஓர் அரிப்பு. "வாழ்க்கை என்றால் இவ்வளவுதானா?" என்ற கேள்வி.

ஆக்ஸ்போர்டு நண்பர் மார்ட்டின் லிங்ஸ் என்பவர் வழியாக, ரெனே கேனோன் என்ற பிரெஞ்சு எழுத்தாளரின் புத்தகங்கள் அவர் கைக்கு வந்தன. இந்த மார்ட்டின் லிங்ஸும் வெளிநாடு போன ஆங்கில ஆசிரியர்தான். லித்துவேனியாவில் வேலை பார்த்தார். பிறகு எகிப்தில் கெய்ரோ பல்கலைக்கழகத்தில் பல வருடம் இருந்தார். கேனோன் எழுதியதன் சாரம் இதுதான்: மேல்நாடு இயந்திரத்தைக் கண்டது, ஆத்மாவைத் தொலைத்தது. தொலைந்ததைக் கீழ்நாட்டின் பழைய மதங்களிடம் தேட வேண்டும். இதைப் படித்த புருஷனும் மனைவியும் சூஃபி வழியைக் கைக்கொண்டார்கள். கேனோனின் நூல் ஒன்றை ஆஸ்பர்ன் ஆங்கிலத்தில் மொழிபெயர்க்கவும் செய்தார்.

போலந்தை விட்டுக் கிளம்பினார்கள். அது நல்லதாகப் போயிற்று என்றுதான் சொல்ல வேண்டும். 1939 செப்டம்பர் முதல் தேதி ஹிட்லர் படை போலந்துக்குள் புகுந்தது. அந்த மாதத்திலேயே கிடினியா விழுந்தது.

ஆனால் ஒரு யுத்தத்துக்குத் தப்பியவர் நேராக இன்னொரு யுத்தம் வரும் பாதையில் போய் நின்றார். அது அப்போது யாருக்குத் தெரியும்?

பாங்காக் நகரில்

அடுத்த வேலை சயாம் தேசத்தில் கிடைத்தது. தலைநகர் பாங்காக்கில் சூலலாங்கோர்ன் பல்கலைக்கழகம் என்று ஒன்று இருக்கிறது. ஒரு மன்னரின் பெயரால் 1917-ல் ஏற்பட்டது. அந்த நாட்டில் அதுதான் முதல் பல்கலைக்கழகம். அங்கே ஆஸ்பர்ன் ஆங்கில விரிவுரையாளர்.

அங்கே இருக்கும்போதே நாட்டின் பெயர் மாறிவிட்டது. 1939-ல் சயாம், தாய்லாந்து ஆயிற்று. அதே வருடம் மார்ச் மாதம் 6-ந்தேதி ஆஸ்பர்ன் தம்பதிக்கு ஒரு பையன் பிறந்தான். ஆதாம் என்று பெயர் வைத்தார்கள். இந்தப் பையனை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். கதையில் பின்னால் வருகிறான்.

வெளிநாட்டில் வாத்தியாராக இருப்பதில் ஒரு சௌகரியம் உண்டு. நீண்ட லீவு கிடைக்கும். 1941-ல் ஆறு மாத லீவு. குடும்பத்தோடு இந்தியாவுக்கு வந்தார்கள். காஷ்மீரத்தில் தங்கினார்கள்.

லீவு முடிந்தது. இப்போது ஒரு முடிவு எடுக்க வேண்டும்.

கிழக்கே யுத்த மேகம் சூழ்ந்துகொண்டிருந்தது. ஜப்பான் எந்த நேரமும் பாயலாம் என்று பேச்சு. பச்சைக் குழந்தைகளை அழைத்துக்கொண்டு பாங்காக் போவதா? போகாவிட்டால் வேலை என்ன ஆவது? சம்பளம் நின்றுபோனால் ஐந்து பேர் சாப்பிடுவது எப்படி?

எத்தனை குடும்பங்களில், எத்தனை ராத்திரிகளில், விளக்கை அணைத்த பிறகு நடக்கும் பேச்சு இது! அவர்கள் எடுத்த முடிவும் எல்லோரும் எடுக்கும் முடிவுதான். புருஷன் வேலைக்குப் போகட்டும். மனைவியும் குழந்தைகளும் இங்கேயே இருக்கட்டும்.

எங்கே இருப்பது? நண்பர் ஒருவருக்குத் திருவண்ணாமலையில் வீடு இருந்தது. ரமண மகரிஷியின் பக்தர் அவர். அந்த வீட்டில் இருந்துகொள்ளலாம் என்று ஏற்பாடு.

செப்டம்பரில் ஆஸ்பர்ன் தனியாகப் பாங்காக் திரும்பினார். டிசம்பர் 8-ந்தேதி ஜப்பான் படைகள் தாய்லாந்தில் இறங்கின. பிரிட்டிஷ் பிரஜைகள் எல்லோரும் பிடிபட்டார்கள். நேற்றுவரை கல்லூரியில் பாடம் சொன்னவர் இன்று கைதி!

வேடிக்கை என்னவென்றால், பாங்காக்கில் பிடிபட்ட அந்நிய நாட்டாரை அடைத்து வைத்த இடமும் ஒரு பல்கலைக்கழகம்தான். தம்மசாத் பல்கலைக்கழகத்தின் வளாகம் சிறை முகாம் ஆகிவிட்டது.

மூன்றரை வருடத்துக்கும் மேல் அங்கே இருந்தார். காவல் காத்தவர்கள் தாய்லாந்துக்காரர்கள். யுத்தக் கைதிகளுக்கு நேர்ந்த கொடுமை இவர்களுக்கு நேரவில்லை. இதை இங்கே சொல்லத்தான் வேண்டும். ஏனென்றால் அதே யுத்தத்தில், அதே நாட்டில், மலாயாத் தோட்டங்களிலிருந்து கொண்டுபோகப்பட்ட தமிழர்கள் பல்லாயிரம் பேர் பர்மாவுக்கு ரயில் பாதை போடும் வேலையில் காலராவிலும் பட்டினியிலும் மாண்டார்கள். 415 கிலோமீட்டர் பாதை. 1942-லும் 43-லும் போட்டது. அந்தத் தமிழர்களுக்கும் வீடு இருந்தது. வாசலில் குழந்தைகள் இருந்தார்கள். அவர்களுடைய அப்பாமார் திரும்பவே இல்லை.

திருவண்ணாமலையில் ஒரு வெள்ளைக்கார அம்மாள்

இனி லூசியா அம்மாளைப் பார்ப்போம். வெளிநாட்டில் குடியேறுவது என்றால் என்ன என்று கேட்டால், என் மனத்தில் வருவது ஆஸ்பர்ன் அல்ல, இந்த அம்மாள்தான்.

அவருக்குச் சம்பளம் தர ஒரு பல்கலைக்கழகம் இல்லை. "வாருங்கள், மேடம்" என்று வரவேற்க மாணவர்கள் இல்லை. சொந்த நாடு ஹிட்லர் கையில். கணவன் ஜப்பான்காரன் கையில். விடுதலை எப்போது என்று சொல்வதற்கு ஒருவரும் இல்லை. மூன்று குழந்தைகள் மட்டும் மடியில்.

அன்றைய திருவண்ணாமலை இன்றைய திருவண்ணாமலை அல்ல. ஊர் கோயிலைச் சுற்றி இருந்தது. ரமணாசிரமம் கோயிலிலிருந்து இரண்டு மைலுக்குள், செங்கம் சாலையில், மலையின் தெற்கு அடிவாரத்தில் ஒதுங்கி இருந்தது. சித்திரை வெயிலில் பாறை கொதிக்கும். தேளும் பாம்பும் அழையாமலே வரும். பனி பெய்யும் போலந்திலிருந்து வந்தவருக்கு அந்த வெயில் ஒன்றே போதாதா?

மகரிஷி இந்த மலைக்கு வந்தது 1896 செப்டம்பர் முதல் தேதி. அப்போது அவர் மதுரையில் படித்துக்கொண்டிருந்த 16 வயதுப் பையன். அதன்பின் மலையை விட்டு அகலவே இல்லை. 1922-ல் அவருடைய தாயார் அழகம்மாள் காலமானார். தாயார் சமாதியைச் சுற்றித்தான் ஆசிரமம் எழுந்தது.

அந்தக் காலத்தில் பெண்கள் இரவில் ஆசிரமத்துக்குள் தங்கக் கூடாது என்று விதி. பொழுது சாய்ந்தால் வெளியே வந்துவிட வேண்டும். ஆகையால் குடும்பங்கள் ஆசிரமத்தைச் சுற்றி வீடு எடுத்துக்கொண்டார்கள். இன்று அந்தப் பகுதி ஒரு பேட்டையாக வளர்ந்திருக்கிறது என்றால், அதற்கு வித்துப் போட்டது இப்படிப்பட்ட குடும்பங்கள்தான்.

பகலில் ஹாலில் போய் உட்காரலாம். மகரிஷி ஒரு சோபாவில் சாய்ந்திருப்பார். இடுப்பில் கோவணம் ஒன்றுதான். பத்திரிகை படிப்பார். வந்த கடிதங்களைப் பார்ப்பார். அணில்கள் சோபாவில் ஏறி வரும், வேர்க்கடலை கொடுப்பார். மகாராஜா வந்தாலும் அதே பார்வை, மாட்டுக்காரப் பையன் வந்தாலும் அதே பார்வை. சாப்பாட்டு நேரத்தில் எல்லோருக்கும் ஒரே பந்தி. பரிமாறுகிறவர் தமக்கு மட்டும் கொஞ்சம் அதிகமாக வைத்தால் மகரிஷிக்குப் பிடிக்காது.

இப்படி ஓர் இடம் குழந்தைகளுக்குக் கிடைத்தால் கேட்க வேண்டுமா? பொம்மைகளை எடுத்துப் போய் அவரிடம் காட்டுவார்கள். பயம் இல்லை, கூச்சம் இல்லை. பெரியவர்கள் நடுங்கி நிற்கும் இடத்தில் இவர்கள் ஓடி விளையாடினார்கள்.

மகரிஷிக்கு ஆங்கிலம் படித்தால் புரியும். ஆனால் பேசுவது பெரும்பாலும் தமிழில்தான். வெளிநாட்டார் கேள்வி கேட்டால் அவர் தமிழில் பதில் சொல்வார்; யாராவது ஆங்கிலத்தில் எடுத்துச் சொல்வார்கள். ஆஸ்பர்ன் குழந்தைகளுக்கு அந்த உதவி தேவைப்படவில்லை. தெருப் பிள்ளைகளோடு விளையாடியே தமிழ் வந்துவிட்டது. தமிழுக்கு வாத்தியார் வைத்தா படித்தார்கள்?

மூத்த பெண்ணைப் பற்றி ஒரு சம்பவம் சொல்வார்கள். அவள் தங்கிப் படிக்கும் பள்ளிக்கூடத்துக்குப் போக வேண்டிய நாள் வந்தது. புறப்படும் முன் மகரிஷியிடம் போய், தன்னை மறக்கக் கூடாது என்று கேட்டுக்கொண்டாள். அவள் தம்மை நினைத்தால் தாமும் அவளை நினைப்பதாக அவர் சொன்னார். எவ்வளவு கறாரான ஒப்பந்தம்!

ஆதாம் கேட்டது வேறு. அவனுக்கு வேண்டியது அப்பா. ஒரு நாள் மகரிஷி முன்னால் விழுந்து நமஸ்காரம் செய்தான். அப்பாவைப் பத்திரமாகத் திருப்பிக் கொண்டுவர வேண்டும் என்று வேண்டினான். மகரிஷி தலையை அசைத்தார்.

அவ்வளவுதான். சொல்லும் இல்லை, வாக்கும் இல்லை. ஆனால் அந்த ஒரு தலையசைப்பைப் பிடித்துக்கொண்டு ஒரு குடும்பம் யுத்தம் முடியும்வரை காத்திருந்தது.

முகாமில் ஒரு நண்பர்

முகாமில் இருந்த ஆஸ்பர்னுக்கும் மகரிஷி அந்நியர் அல்ல. பாங்காக்கில் இருக்கும்போதே மகரிஷியின் படமும் சிறு புத்தகங்களும் அவருக்கு வந்திருந்தன. படத்தில் இருந்த முகம் அவரை விடவில்லை.

முகாமில் லூயி ஹார்ட்ஸ் என்ற டச்சுக்காரர் ஒருவரும் அடைபட்டிருந்தார். யுத்தத்துக்கு முன் திருவண்ணாமலைக்கு வந்து மகரிஷியைப் பார்த்தவர் அவர். திருவண்ணாமலையையே பார்க்காத ஒருவருக்கு, திருவண்ணாமலையைப் பற்றிப் பாங்காக் சிறை முகாமில் பாடம் நடந்தது! இந்தத் தடவை வாத்தியார் மாணவர் ஆனார்.

1945 ஆகஸ்டில் ஜப்பான் சரணடைந்தது. முகாம் கதவு திறந்தது. அக்டோபரில் திருவண்ணாமலை.

அவர் பாங்காக் புறப்பட்டபோது ஆதாமுக்கு இரண்டரை வயது. இப்போது ஆறரை. கடைசிக் குழந்தைக்கு அப்பாவின் முகம் ஞாபகம் இருந்திருக்கவே முடியாது. குடும்பத்தில் எல்லோருக்கும் ஊர் பழகிவிட்டது. புதிய மாணவராகச் சேர்ந்தவர் குடும்பத் தலைவர் ஒருவர்தான்.

மகரிஷியை நேரில் பார்த்த முதல் சில நாட்கள் ஆஸ்பர்னுக்குப் பெரிதாக எதுவும் தோன்றவில்லையாம். படத்தில் கண்ட அளவுகூட நேரில் காணவில்லை என்று இருந்ததாம். இதை மறைக்காமல் சொன்னது அவருடைய நேர்மை. நம்மில் பலர் கோயிலுக்குப் போய் ஒன்றும் தோன்றாமல் திரும்பிவிட்டு, "ஆஹா, என்ன தரிசனம்!" என்று சொல்லிக்கொள்வது உண்டல்லவா?

பிறகு கார்த்திகை தீபம் வந்தது. மலை உச்சியில் தீபம் ஏற்றும் நாள். ஊர் கொள்ளாத கூட்டம். அன்று மகரிஷி நிமிர்ந்து உட்கார்ந்து தம்மை நேராகப் பார்த்ததாகவும், அந்தப் பார்வையில் எல்லாம் மாறிவிட்டதாகவும் ஆஸ்பர்ன் பின்னால் எழுதினார். பேச்சு இல்லை. பாடம் இல்லை. பேசியே பிழைத்த ஒரு மனிதர், பேசாத ஒருவரிடம் அகப்பட்டுக்கொண்டார்!

அரிசிக்கு என்ன வழி?

ஞானம் கிடைக்கலாம். மளிகைக் கடைக்காரர் கணக்குப் புத்தகத்தை எடுத்துக்கொண்டு வரத்தான் செய்வார்.

ஆஸ்பர்ன் சில காலம் திருவண்ணாமலையில் குடும்பத்தோடு இருந்தார். பணம் கரைந்தது. சென்னைக்குப் போய் ஓர் ஆங்கிலத் தினசரியில் வேலைக்குச் சேர்ந்தார். மறுபடியும் குடும்பம் ஓர் இடம், உத்தியோகம் ஓர் இடம். ஆனால் இந்தத் தடவை நடுவில் கடல் இல்லை, யுத்தம் இல்லை.

1950 ஏப்ரல் 14-ந்தேதி இரவு 8 மணி 47 நிமிஷத்துக்கு மகரிஷி காலமானார். பல பேர் ஊரைவிட்டுப் போனார்கள். ஆசிரமம் வெறிச்சோடிவிடும் என்றுகூடச் சிலர் நினைத்தார்கள்.

ஆஸ்பர்ன் மறுபடியும் வாத்தியார் ஆனார். கல்கத்தாவில் ஒரு பள்ளிக்கூடத்துக்குத் தலைமை ஆசிரியர். போலந்து, சயாம், கல்கத்தா — பெட்டியைக் கட்டுவதும் அவிழ்ப்பதுமாகவே போயிற்று வாழ்க்கை. ஆனாலும் ஒரு வித்தியாசம் இருந்தது. இப்போது அவருக்குத் திரும்பிப் போக ஓர் ஊர் இருந்தது.

கல்கத்தா வேலையை விட்டபின் இங்கிலாந்துக்குப் போயிருக்கலாம். போகவில்லை. திருவண்ணாமலைக்கே வந்தார்.

மகரிஷியின் வரலாற்றை 1954-ல் ஆங்கிலத்தில் வெளியிட்டார். அது லண்டனில் அச்சாகி உலகம் எங்கும் போயிற்று. ஷீரடி சாயிபாபாவைப் பற்றி ஒரு நூல் எழுதினார். 1964 ஜனவரியில் ஆசிரமத்திலிருந்து "தி மவுண்டன் பாத்" என்ற ஆங்கிலக் காலாண்டு இதழைத் தொடங்கினார். மலைப்பாதை என்று பொருள். அதில் இந்து மதம் வரும், பௌத்தம் வரும், கிறிஸ்தவம் வரும், இஸ்லாம் வரும். இஸ்லாமைப் பற்றி எழுதும்போது அப்துல்லா குத்புதீன் என்ற புனைபெயரில் எழுதுவார். அந்த இதழ் இன்றும் வந்துகொண்டிருக்கிறது.

ஒரு வகையில் பார்த்தால் அதுவும் வாத்தியார் வேலைதான். சம்பளம் மட்டும் இல்லை!

1970-ம் ஆண்டு மே மாதம் பெங்களூரில் ஆஸ்பர்ன் காலமானார். உடலைத் திருவண்ணாமலைக்குக் கொண்டுவந்து, ஆசிரமத்தை அடுத்த அவருடைய வீட்டுத் தோட்டத்திலேயே அடக்கம் செய்தார்கள். இதழைச் சில காலம் லூசியா அம்மாள் நடத்தினார். பின்னாளில் அவரும் அந்தத் தோட்டத்துக்கே வந்து சேர்ந்தார்.

அப்பாவை வேண்டிய பையன்

ஆதாம் என்ன ஆனான்?

கொடைக்கானலில் கன்னிகா ஸ்திரீகள் நடத்திய பள்ளியில் படித்தான். 11 வயதில் இங்கிலாந்துக்குப் போனான். இரசாயன என்ஜினீயரிங் படித்து, அமெரிக்காவில் டாக்டர் பட்டமும் வாங்கினான். இனிமேல் "அவர்" என்று சொல்லவேண்டியதுதான். கம்ப்யூட்டரைப் பற்றிச் சாமானியருக்கும் விளங்கும்படி புத்தகங்கள் எழுதிப் பேர் எடுத்தார். வாத்தியார் பிள்ளை அல்லவா?

1981-ம் ஆண்டு, கையில் தூக்கிக்கொண்டு போகக்கூடிய கம்ப்யூட்டர் ஒன்றை விற்பனைக்குக் கொண்டுவந்தார். பெயர் "ஆஸ்பர்ன் 1". விலை 1,795 டாலர். எடை ஏறக்குறைய 11 கிலோ. தையல் மெஷின் மாதிரி ஒரு பெட்டி. அதில் 5 அங்குலத் திரை. இன்று அதைப் பார்த்தால் பள்ளிப் பிள்ளைகள் சிரிப்பார்கள். அன்று அது ஓர் அதிசயம். வாங்க ஆட்கள் முண்டியடித்தார்கள். ஆனால் இதைவிட நல்ல மாடல் வரப்போகிறது என்று முன்கூட்டியே சொல்லிவிட்டார்கள். "சரி, அதையே வாங்கிக்கொள்வோம்" என்று ஜனங்கள் காத்திருந்துவிட்டார்கள். 1983-ல் கம்பெனி திவால்! இப்படி அவசரப்பட்டு வாயைத் திறந்து வியாபாரத்தைக் கெடுத்துக்கொள்வதற்கு, வியாபார உலகில் இன்றும் அவர் பெயரைத்தான் வைத்திருக்கிறார்கள்.

பிற்காலத்தில் நோய் வந்தது. மூளையைத் தாக்கும் வியாதி. 1992-ல் அவர் அமெரிக்காவை விட்டு இந்தியாவுக்கு வந்துவிட்டார். கொடைக்கானலில் சகோதரியின் பராமரிப்பில் இருந்தார். 2003 மார்ச் 18-ந்தேதி அங்கேயே காலமானார்.

பாங்காக்கில் பிறந்தவர். இங்கிலாந்துக் குடிமகன். அமெரிக்காவில் சம்பாதித்தவர். உடம்பு முடியாமல் போனபோது, சின்ன வயதில் படித்த மலைக்கு வந்து படுத்துக்கொண்டார்.

இன்று

சென்ற மார்கழியில் நான் ரமணாசிரமம் பக்கம் போயிருந்தேன். செங்கம் சாலையில் கால் வைக்க இடம் இல்லை. பஸ், ஆட்டோ, மோட்டார் சைக்கிள். வெளிநாட்டார் குளிர்காலத்தில்தான் அதிகம் வருகிறார்கள். பங்குனி வெயில் தலைகாட்டினால் பாதிப் பேர் மூட்டை கட்டிவிடுவார்கள். சந்துக்குச் சந்து "அறை வாடகைக்கு" என்று ஆங்கிலப் பலகை. வெளிநாட்டாரைத் தங்க வைப்பவர்கள் 24 மணி நேரத்துக்குள் அரசுக்குத் தெரிவிக்க வேண்டும். எங்கிருந்து வந்தாய், எங்கே போவாய், எத்தனை நாள் இருப்பாய் என்று எல்லாவற்றையும் எழுதிக் கொடுக்க வேண்டும். லூசியா அம்மாளிடம் 1941-ல் இப்படிக் கேட்டிருந்தால், கடைசிக் கேள்விக்கு அவர் என்ன எழுதியிருப்பார்?

ஆசிரமத்துக்குள் போனால் சத்தம் அடங்கிவிடுகிறது. மயில்கள் மட்டும் அகவுகின்றன. பழைய ஹாலில் அந்த சோபா இருக்கிறது. அதன்மேல் மகரிஷியின் படம். எதிரே தரையில் பல நாட்டு மனிதர்கள் கண்ணை மூடி உட்கார்ந்திருக்கிறார்கள்.

வெளியே வந்து எதிர்ப்புறம் ஒரு டீக்கடையில் நின்றேன். பக்கத்தில் ஒரு வெள்ளைக்காரப் பெண். வயது முப்பது இருக்கும். கையில் ஒரு துணிப்பை. கூட ஒரு பையன், ஆறு ஏழு வயது. காலில் செருப்பு இல்லை, முழங்காலில் செம்மண்.

அந்தப் பெண் இரண்டு விரலைக் காட்டினாள். பிறகு "சர்க்கரை" என்பதற்கு வார்த்தை தேடினாள். கிடைக்கவில்லை. ஆங்கிலத்தில் சொல்லிப் பார்த்தாள். கடைக்காரர் தலையைச் சொறிந்தார்.

பையன் அம்மாவின் கையை இழுத்து நிறுத்தினான்.

"அண்ணா, அம்மாக்கு சக்கரை வேணாம். எனக்கு மட்டும் போடுங்க" என்றான்.